வயர் போனால் போகட்டும், விரல் இருக்கட்டும்!

நகராட்சியாக இருந்த ஆனையூர் 2011-இல் மதுரை மாநகராட்சிக்குள் வந்தது. வீடு எழும்பும் பகுதியில் மரவேலைக்கு ஓய்வு ஏது? நிலை, கதவு, கப்போர்டு, லாஃப்ட், கிச்சன் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அந்த வேலையில் இருப்பவர்களும், அவர்கள் வீட்டாரும், வீடு கட்டுகிறவர்களும் கேட்டவை இவை. எல்லோர் மனதிலும் உள்ளது ஒன்றே: சைட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக பேட்டரியில் ஓடும் டேபிள் சா (மேசை ரம்பம்) வாங்கலாமா?

கே: வயரே இல்லாத டேபிள் சா வந்திருக்கிறதாமே. நிஜமாக மரம் அறுக்குமா? (கார்பெண்டர், ஆனையூர்)

ப: அறுக்கும். டீவால்ட் 2016-இல் 54 வோல்ட் பேட்டரியோடு ஒன்றைக் கொண்டுவந்தது. 210 மி.மீ. பிளேடு, நிமிடத்துக்கு 5,800 சுற்று, எடை சுமார் 22 கிலோ. 2018-இல் மில்வாக்கி 18 வோல்ட்டில் ஒன்று வெளியிட்டது. ஹைகோகி 36 வோல்ட்டில் 10 அங்குல பிளேடு போட்டது. பாஷ் 18 வோல்ட்டில் 216 மி.மீ. பிளேடு போட்டது. பிளைவுட், பிளாக் போர்டு, மல்டிவுட், ரீப்பர் எல்லாவற்றையும் இவை சுத்தமாகக் கிழிக்கும். இவற்றில் எது நம் ஊர்க் கடையில் கிடைக்கிறது, எதற்கு மதுரையிலேயே சர்வீஸ் இருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். சர்வீஸ் இல்லாத நல்ல மெஷினைவிட சர்வீஸ் உள்ள நடுத்தர மெஷின் மேல்.

கே: அதே பேட்டரியில் ஒரு இடத்தில் 60 வோல்ட், இன்னொரு இடத்தில் 54 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? (எலக்ட்ரீஷியன், கூடல்நகர்)

ப: இரண்டும் ஒன்றுதான். உள்ளே 15 லித்தியம் செல்கள் வரிசையாக நிற்கின்றன. முழுசார்ஜில் செல்லுக்கு 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 60. ஓடும்போது கிடைக்கும் சராசரி 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 54. அமெரிக்கக் கடைக்கு 60 என்றும் மற்ற நாடுகளுக்கு 54 என்றும் அச்சடிக்கிறார்கள். 20 வோல்ட்டும் 18 வோல்ட்டும் இதே கதைதான். எண் பெரிதாக இருக்கிறதென்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கே: ஒரு சார்ஜில் எத்தனை ஷீட் கிழிக்கலாம்? (இன்டீரியர் கான்ட்ராக்டர், விளாங்குடி)

ப: கடைக்காரர் சொல்வதை விடுங்கள், நாமே கணக்குப் போடுவோம். 6 ஆம்பியர்-ஹவர் என்று எழுதிய டீவால்ட் 54 வோல்ட் பேட்டரியில் அந்த 6 என்பது 18 வோல்ட் கருவியில் மாட்டும்போதுதான். 54 வோல்ட்டில் அது 2. ஆக 54-ஐ 2-ஆல் பெருக்கினால் 108 வாட்-ஹவர். 18 மி.மீ. பிளைவுட்டை 8 அடி நீளத்துக்குக் கிழிக்க மெஷின் சராசரியாக 1,000 வாட் இழுக்கிறது, அரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சார்ஜில் பத்துப் பன்னிரண்டு கிழிப்பு. பிளேடு மழுங்கியிருந்தால் அதுவும் குறையும். தேக்குப் பலகை என்றால் இன்னும் குறையும். ஒரு பேட்டரி போதாது. ஒன்று ஓட, ஒன்று சார்ஜில் இருக்க, குறைந்தது இரண்டு வேண்டும்.

கே: எங்கள் சைட்டில் கரண்ட் இருக்கிறது. ஆனால் தெருமுனையிலிருந்து 50 மீட்டர் வயர் இழுத்தால் மெஷின் திணறுகிறது. அதற்காகவே பேட்டரி சா வாங்கலாமா? (கார்பெண்டர், ஊமச்சிகுளம்)

ப: வாங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள். 1,800 வாட் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். நீங்கள் இழுத்த வயர் 0.75 சதுர மி.மீ. என்றால், போக 50 மீட்டர், வர 50 மீட்டர், மொத்தம் 100 மீட்டர் செம்பில் 20 வோல்ட் காணாமல் போகிறது. மெஷின் கிளம்பும் நொடியில் இழுப்பு பல மடங்கு ஆவதால் இழப்பும் அப்படியே ஏறும். அதுதான் திணறல். அதையே 2.5 சதுர மி.மீ. வயராக மாற்றினால் இழப்பு 6 வோல்ட்டுக்குள் அடங்கும். டிரம்மில் சுற்றிய வயரை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடி ஓட்டினால் சூடேறும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவில் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள போர்டிலிருந்து மட்டும் எடுங்கள். நல்ல வயரின் விலை ஒரு பேட்டரியின் விலையைத் தொடாது.

கே: அப்படியானால் பேட்டரி டேபிள் சா யாருக்குத்தான்? (அதே ஊர், இன்னொருவர்)

ப: குடியிருக்கும் வீட்டில் ஒருநாள் வேலை செய்துவிட்டு மறுநாள் வேறு வீட்டுக்குப் போகிறவருக்கு. நாலாவது மாடியில் கரண்ட் வராத ஃபிளாட்டில் ஃபினிஷிங் செய்கிறவருக்கு. கதவு மாட்ட, பீடிங் அடிக்க, விட்டுப்போன ஷெல்ஃப் வைக்க என்று நாளைக்குப் பத்துப் பதினைந்து வெட்டு மட்டும் உள்ளவருக்கு. இவர்களுக்கு வயர் இழுக்கும் நேரம் அறுக்கும் நேரத்தைவிட அதிகம், அதனால் பேட்டரி லாபம். இரண்டு வாரம் ஒரே வீட்டில் இறங்கி நாள் முழுக்க ஷீட் கிழிப்பவர் வயர் மெஷினே வாங்கட்டும்.

கே: மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் நிறுத்துகிறார்கள். பேட்டரி சா இருந்தால் கவலை இல்லைதானே? (மேஸ்திரி, சமயநல்லூர்)

ப: சா ஓடும், சார்ஜர் ஓடாது. அறிவிப்பு முன்கூட்டியே வருகிறது. முந்தைய இரவே எல்லா பேட்டரியையும் நிரப்பி வையுங்கள். அன்றைய நீளக் கிழிப்புகளை முதல்நாளே முடித்துவிட்டு, சின்ன வெட்டுகளை மட்டும் அந்த நாளுக்கு ஒதுக்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் சார்ஜர் போடலாம். 1,800 வாட் வயர் சாவை அதில் மாட்டவே கூடாது.

கே: 5-க்கு 3 நிலைக்கட்டையைப் பேட்டரி சாவில் கிழிக்க முடியுமா? (ஆசாரி, அலங்காநல்லூர்)

ப: ஒரே தள்ளில் முடியாது. 210 மி.மீ. பிளேடை முழுக்கத் தூக்கினாலும் ஆழம் 65 மி.மீ.தான். 3 அங்குலம் என்பது 76 மி.மீ. பத்து அங்குல பிளேடு உள்ள மெஷின் 79 மி.மீ. வரை போகும், அதுவும் விளிம்பில்தான் தப்பிக்கிறது. நிலைக்கட்டையை மரக்கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்குங்கள். அங்கே உள்ள பெரிய ரம்பத்துக்கு அது சாதாரண வேலை. சைட் மெஷினுக்குக் கதவுச் சட்டம், பலகை, ரீப்பர், ஷீட் போதும். சாய்த்து 45 டிகிரியில் அறுக்கும்போது ஆழம் 45 மி.மீ.க்கு இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கே: முழு 8-க்கு 4 ஷீட்டைத் தனியாளாகப் பேட்டரி டேபிள் சாவின் மேல் தள்ளலாமா? (கார்பெண்டர், செல்லூர்)

ப: தள்ளாதீர்கள். 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். மெஷின் 22 கிலோ. ஷீட் மெஷினைவிட கனம் என்றால் எது எதைத் தாங்கும்? பாதி ஷீட் மேசைக்கு வெளியே தொங்கியதும் மெஷின் தூக்கும், ஷீட் திரும்பும், பிளேடு கவ்வும். தரையில் நாலு ரீப்பரைப் போட்டு, அதன் மேல் ஷீட்டைக் கிடத்தி, நேர்ச்சட்டம் ஒன்றைக் கிளாம்ப் செய்து, கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவால் முதலில் துண்டாக்குங்கள். துண்டானதை டேபிள் சாவில் துல்லியமான அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெட்டு முடிகிற பக்கம் மேசை உயரத்துக்கு ஒரு ஸ்டாண்ட் நிற்கட்டும்.

கே: ரிப் கெப்பாசிட்டி (பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே கிடைக்கும் அகலம்) 24 அங்குலம் என்கிறார்கள். போதுமா? (இன்டீரியர் டிசைனர், ஐயர் பங்களா)

ப: நம் ஊர் வேலைக்கு அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. 4 அடி ஷீட்டைச் சரிபாதியாகக் கிழித்தால் 2 அடி, அதாவது 24 அங்குலம். வார்ட்ரோப் ஆழமும் ஏறக்குறைய அதுவே. அதற்குக் குறைவான மெஷினை வாங்கினால் வார்ட்ரோப் பக்கப்பலகைக்குத் தினமும் வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

கே: கடையில் நின்று எதைச் சோதிப்பது? எல்லா மெஷினும் சத்தம் போட்டுச் சுற்றத்தான் செய்கிறது. (புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், திருமங்கலம்)

ப: சத்தத்தைக் கேட்காதீர்கள், பலகையை நேராக ஓடவைக்கும் ஃபென்ஸைப் பாருங்கள், தம்பி. பேட்டரியை எடுத்துவிட்டு, ஃபென்ஸை 12 அங்குலத்தில் பூட்டுங்கள். பிளேடின் முன்பல்லிலிருந்து ஃபென்ஸுக்கு ஒரு அளவு, பின்பல்லிலிருந்து ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் குறுகியிருந்தால் மரம் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உங்கள் மேலேயே திரும்பும். ஃபென்ஸின் நுனியைக் கையால் தள்ளிப்பாருங்கள். அசைந்தால் வேண்டாம். முன்னும் பின்னும் பல்சக்கரத்தில் ஒன்றாக நகரும் ஃபென்ஸ் பூட்டும்போது கோணலாகாது, காசு அங்கே போகலாம். அடுத்து, ஸ்விட்சை முழங்காலால் தட்டினாலே நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு கையிலும் பலகை இருக்கும் நேரத்தில்தான் நிறுத்த வேண்டிய அவசரம் வரும்.

கே: மார்பிள் கட்டரைக் கவிழ்த்து பிளைவுட் பலகைக்குக் கீழே திருகி, மேலே பிளேடு நீட்டி வைத்து இத்தனை வருஷம் வேலை செய்கிறோம். அதில் என்ன குறை? (மூத்த கார்பெண்டர், கோசாகுளம்)

ப: அண்ணே, உங்கள் கைத்திறனில் குறையே இல்லை. அந்த மெஷின் அந்த வேலைக்குச் செய்யப்படவில்லை. அதன் சுற்று நிமிடத்துக்கு 12,000-க்குப் பக்கம். 110 மி.மீ. பிளேடு போட்டால் பல்லின் ஓட்டம் நொடிக்கு 69 மீட்டர். மேலே பிளேடை மறைக்கும் கார்டு இல்லை, பின்னால் பிளவை மூடவிடாத ரைவிங் நைஃப் இல்லை, ஃபென்ஸாக ஒரு ரீப்பரும் இரண்டு ஆணியும். ஸ்விட்சை அழுத்தியபடி லாக் செய்துவிடுவதால், நிறுத்த வேண்டுமானால் பிளக்கைத் தேடிப் போக வேண்டும். இதையெல்லாம்விட மோசம் ஒன்று உண்டு: கரண்ட் போகும், நீங்கள் மேலே கிடக்கும் தூளைக் கையால் தட்டுவீர்கள், கரண்ட் வரும், பிளேடு தானாகச் சுற்றும். முறையான டேபிள் சாவில் கரண்ட் திரும்பினாலும் நீங்கள் பச்சை ஸ்விட்சை அழுத்தாமல் ஓடாதபடி பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். பேட்டரி சாவா, வயர் சாவா என்ற கேள்வி இரண்டாவது. முதல் வேலை, அந்தக் கவிழ்த்த கட்டரைக் கழற்றுவது.

கே: கிக்பேக், கிக்பேக் என்று பேசிக்கொள்கிறார்களே. அப்படியென்றால் என்ன நடக்கிறது? (பாலிடெக்னிக் மாணவர், விளாங்குடி)

ப: பிளேடின் முன்பக்கப் பல் கீழ்நோக்கி அறுக்கிறது. பின்பக்கப் பல் மேல்நோக்கி எழுகிறது. அறுத்த பிளவு மூடிக்கொண்டாலோ, பலகை கோணலாகத் திரும்பினாலோ, பின்பல் பலகையைத் தூக்கி உங்கள் பக்கம் வீசும். 210 மி.மீ. பிளேடு 5,800 சுற்றில் ஓடினால் பல்லின் வேகம் நொடிக்கு 64 மீட்டர், மணிக்கு 230 கிலோமீட்டர். அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்து விலக முடியாது. பலகை பறக்கிறது என்பது ஒரு ஆபத்து. அதைப் பிடித்திருந்த கை இழுபட்டுப் பிளேடில் விழுகிறது என்பது அதைவிடப் பெரியது. பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்றே பக்கவாட்டில் நின்று தள்ளுங்கள்.

கே: ரைவிங் நைஃப் போட்டால் மரம் மாட்டுகிறது. அதனால் எல்லோரும் கழற்றி வைத்துவிடுகிறோம். (கார்பெண்டர், மேலூர்)

ப: மாட்டுவது நைஃபின் குற்றமில்லை, பிளேடு மாறியதன் குற்றம். பிளேடுக்குப் பின்னால் நின்று பிளவை மூடவிடாமல் காப்பது அந்தத் தகடு. அதன் கனம், பிளேடின் பல் அகலத்தைவிடக் குறைவாகவும், பிளேடு தகட்டின் கனத்தைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். பல் 2.6 மி.மீ., தகடு 1.6 மி.மீ. என்றால் நைஃப் 2 மி.மீ. அளவில் இருந்தால் சரி. மலிவாகக் கிடைத்ததென்று மெல்லிய பிளேடு வாங்கிப் போட்டால் மரம் நைஃபில் இடிக்கத்தான் செய்யும். நைஃபின் மேலேயே அதற்குரிய பிளேடு அளவு பொறித்திருக்கும். அதைப் படித்துப் பிளேடு வாங்குங்கள், கழற்றவே தோன்றாது.

கே: கை பட்டதும் தானே நின்றுவிடும் சா உண்டாமே? (வீட்டு உரிமையாளர், ஆனையூர்)

ப: உண்டு. சாஸ்டாப். ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999-இல் அந்த யோசனையில் இறங்கினார். பிளேடில் மெல்லிய மின்சமிக்ஞை ஓடுகிறது. தோல் பட்டதும் சமிக்ஞை மாறும், ஓர் அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாயும், 5 மில்லி செகண்டுக்குள் பிளேடு நின்றுவிடும். தொத்திறைச்சியை வைத்துக் காட்டிய அதன் செய்முறை உலகப்புகழ் பெற்றது. ஒருமுறை வேலை செய்தால் அந்தக் கட்டையும் பெரும்பாலும் பிளேடும் புதிதாக வாங்க வேண்டும். ஈரமரமும் உலோகமும் பட்டாலும் அது நின்றுவிடக்கூடும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா பிளேடில் கைபட்டு அவசர சிகிச்சைக்குப் போவதாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. இப்படிப்பட்ட கண்டுபிடிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி. நமக்கு அது கைக்கு எட்டும் வரை, கார்டும் நைஃபும் தள்ளுகட்டையும் இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஆகும் கூடுதல் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. முதல் இரண்டும் மெஷினோடு வருகின்றன, மூன்றாவதை வேஸ்ட் பிளைவுட்டில் நீங்களே செய்யலாம்.

கே: கையுறை போட்டுக்கொண்டால் விரல் தப்புமா? (உதவியாளர், சிலைமான்)

ப: தப்பாது, கூடுதலாகப் போகும். சுற்றும் பிளேடு துணியைப் பிடித்தால் துணியோடு கையை இழுக்கும். கையுறை, தொங்கும் துண்டு, அவிழ்ந்த லுங்கி, கையில் கட்டிய கயிறு எதுவும் பிளேடு அருகில் வேண்டாம். கண்ணாடி அவசியம். பிளேடின் உயரம் பலகைக்கு மேல் பல் தெரியுமளவு இருந்தால் போதும். கை பிளேடுக்கு ஒரு சாணுக்குள் போக வேண்டிய வெட்டு என்றால் தள்ளுகட்டை.

கே: மைக்கா ஒட்டிய பக்கம் மேலே இருக்கணுமா, கீழே இருக்கணுமா? ஓரம் பெயர்கிறது. (கார்பெண்டர், அவனியாபுரம்)

ப: டேபிள் சாவில் மேலே. கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவில் கீழே. பல் மரத்துக்குள் நுழைகிற பக்கம் சுத்தமாக இருக்கும், வெளியேறுகிற பக்கம் பெயரும். டேபிள் சாவில் பல் மேலிருந்து நுழைகிறது, கை மெஷினில் கீழிருந்து நுழைகிறது. இரண்டு பக்கமும் மைக்கா என்றால், வெட்டும் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பல் அதிகமுள்ள பிளேடு போடுங்கள், நிதானமாகத் தள்ளுங்கள்.

கே: எத்தனை பல் பிளேடு வாங்குவது? (அதே வாசகர்)

ப: மெஷினோடு வரும் 24 பல் பிளேடு மரம் கிழிக்க. பிளைவுட்டுக்கு 40, மைக்கா ஒட்டியதற்கு 60. பேட்டரி மெஷினில் பல் அகலம் குறைந்த பிளேடுக்கு இன்னொரு லாபம் உண்டு: தூளாக்கும் மரம் குறைவு, அதனால் சார்ஜ் நீளும். ஆனால் முன்பு சொன்ன நைஃப் கணக்கை மீறாதீர்கள். நடுத்துளையின் அளவையும் பார்த்து வாங்குங்கள். 25.4 மி.மீ., 30 மி.மீ. இரண்டும் கடையில் கலந்து கிடக்கின்றன. துளை பெரிதாக இருந்தால் வாஷரைச் சுற்றிப் போட்டுச் சமாளிக்காதீர்கள், சரியான ரிங் தனியே கிடைக்கிறது. பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று, மெஷினின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். பிளேடு மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

கே: துபாயிலிருந்து மச்சான் வருகிறார். பேட்டரி சா வாங்கிவரச் சொல்லலாமா? (வாடிப்பட்டி)

ப: சொல்லலாம், ஆனால் பேட்டரியின் வாட்-ஹவரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 100-க்குள் இருந்தால் விமானத்தில் கைப்பையில் கொண்டுவரலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும், தனிப் பேட்டரி இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணியோடு வராது. நாம் கணக்கிட்ட 108 இரண்டாம் வகை. அதே வரிசையில் 9 ஆம்பியர்-ஹவர் என்று எழுதியது 162, அது மூன்றாம் வகை. தனிப் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. துபாய் சார்ஜர் நம் 230 வோல்ட்டுக்குப் பொருந்தும், பிளக் மட்டும் மாறும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட் சார்ஜர் என்றால் இங்கே மாட்டிய நொடியில் கருகும். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் பில்லுக்கு முன் கேட்கட்டும்.

கே: மே மாதம் சார்ஜரில் போட்டால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, ஏறவில்லை. கெட்டுவிட்டதா? (கார்பெண்டர், ஒத்தக்கடை)

ப: கெடவில்லை, சூடாக இருக்கிறது. லித்தியம் பேட்டரி சுமார் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறக்கூடாது. சார்ஜரே அதை உணர்ந்து காத்திருக்கிறது. மதுரை மே மாதத்தில் நிழலே அந்த அளவைத் தொடும். தகரக் கொட்டகையிலும் வண்டிப் பெட்டியிலும் வைத்தால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்குள் காற்றோட்டமான தரையில் சார்ஜ் போடுங்கள். அறுத்து முடித்த சூட்டோடு மாட்டாதீர்கள், கால்மணி நேரம் ஆறட்டும். தண்ணீரில் நனைத்துக் குளிர வைக்க வேண்டாம்.

கே: இணையத்தில் ஒரே மெஷின் இரண்டு விலையில் இருக்கிறது. எது அசல்? (கூடல்நகர்)

ப: இரண்டும் அசலாக இருக்கலாம். மாடல் எண்ணின் வாலைப் பாருங்கள். டீவால்ட்டில் N என்று முடிந்தால் உடல் மட்டும், பேட்டரியும் சார்ஜரும் இல்லை. T2 என்றால் 54 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்தது. ஏற்கெனவே அதே பேட்டரி வைத்திருப்பவர் N வாங்கினால் லாபம். புதிதாக வாங்குகிறவர் N-ஐப் பார்த்து மலிவு என்று மயங்கினால், பேட்டரியும் சார்ஜரும் தனித்தனியாக வாங்கும்போது கணக்கு மாறிவிடும்.

கே: குடியிருக்கும் வீட்டுக்குள் அறுத்தால் தூள் பறக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். (குடும்பத்தலைவி, ஆனையூர்)

ப: கேட்டது நல்லது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மொட்டை மாடியிலோ போர்ட்டிகோவிலோ அறுக்கச் சொல்லுங்கள். பேட்டரி சாவின் உண்மையான வசதி இங்கேதான், வயர் எட்டாத மாடிக்கும் அதைக் கொண்டுபோகலாம். மெஷினின் பின்னால் உள்ள குழாயில் வாக்குவம் மாட்டலாம். வேலை செய்கிறவர் முகத்தில் துணி கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் போடட்டும். அதை வாங்கிக் கொடுப்பது வேலை கொடுக்கிறவர் பொறுப்பு.

கே: தப்பித்தவறி விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்வது? (மேஸ்திரி, திருப்பரங்குன்றம்)

ப: மெஷினை நிறுத்துங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். 108-ஐ அழையுங்கள். துண்டான விரலைத் தேடி எடுத்து, ஈரமாக்கிய சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது, தண்ணீரில் மிதக்கவும் கூடாது. மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காதீர்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள், வழியில் சின்ன கிளினிக்கில் நிறுத்தி நேரத்தை விடாதீர்கள். இதை எழுதி சைட் சுவரில் ஒட்டுங்கள்.

கே: விரல் போனால் நஷ்டஈடு கிடைக்குமா? (தினக்கூலி, ஆனையூர்)

ப: உரிமை உண்டு. 1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, சம்பாதிக்கும் திறனில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7 என்று வகுத்தது. தினக்கூலி என்ற காரணத்தால் மட்டும் உங்களைத் தள்ளிவிட முடியாது. உளி பிடிக்கிற கையில் கட்டைவிரல் போனால் மிச்சம் 70 சதவீதம் எங்கே இருக்கிறது என்று எந்த அட்டவணையும் காட்டாது. அதனால் முதலில் காப்பு, பிறகு காகிதம். காகிதத்தையும் விடாதீர்கள்: தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியம் 1994 முதல் இருக்கிறது, தச்சரும் அதில் சேரலாம். விபத்து உதவியும் ஓய்வூதியமும் அதில் உண்டு. பதிவு இல்லையென்றால் தொழிலாளர் அலுவலகத்தில் இந்த மாதமே பதியுங்கள், பதிந்திருந்தால் புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள்.

கே: என் வீட்டுக்காரர் கார்டைக் கழற்றிவிட்டுத்தான் அறுக்கிறார். சொன்னால், "வேலை தாமதமாகும்" என்கிறார். (விளாங்குடி)

ப: அம்மா, நீங்கள் சொல்வதே சரி. அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: கார்டை மாட்டக் கழற்ற ஒரு நிமிடம் ஆகும். காயம் ஆற மாதக்கணக்கு ஆகும், அந்த மாதங்களில் வேலையே இருக்காது. கருவி இல்லாமல் மாட்டிக் கழற்றும் கார்டு புதிய மெஷின்களில் வருகிறது. அடுத்த மெஷின் வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கூடவே போய் நில்லுங்கள்.

கே: ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு என்ன செய்யலாம்? (பட்டறைக்காரர், செல்லூர்)

ப: சந்தனம் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு வரிசையாக: நைஃப் பிளேடோடு ஒரே கோட்டில் நிற்கிறதா, கார்டு தானாக விழுகிறதா, ஃபென்ஸ் முன்னும் பின்னும் ஒரே அளவா, பிளேடில் உடைந்த பல் உண்டா. நான்கையும் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் பொட்டு வையுங்கள். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பையனை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அவன் கற்கட்டும். 18 வயது நிரம்பாதவனை மெஷினில் நிறுத்தாதீர்கள்.

கே: கையில் உள்ள காசு கொஞ்சம். எதை முதலில், எதைப் பிறகு வாங்குவது? (இளம் கார்பெண்டர், ஆனையூர்)

ப: தம்பி, வரிசை இது. முதலில், ரைவிங் நைஃபும் கார்டும் உள்ள பத்து அங்குல வயர் டேபிள் சா ஒன்று, அதோடு 2.5 சதுர மி.மீ. வயர். அன்றைக்கே கவிழ்த்த கட்டருக்கு விடுதலை கொடுத்துவிடுங்கள். அடுத்து, பேட்டரியில் ஓடும் சர்க்குலர் சாவும் நேர்ச்சட்டமும். ஷீட் துண்டாக்கவும் மாடியில் சின்ன வெட்டுக்கும் அது போதும், பேட்டரி முதலீடும் அங்கிருந்து தொடங்கும். ஒரே கம்பெனி பேட்டரியில் நில்லுங்கள். வேலை பெருகி, நாளுக்கொரு வீடு என்று ஓடத் தொடங்கியதும், அந்த பேட்டரி பொருந்தும் டேபிள் சாவை உடல் மட்டும் வாங்குங்கள். அதுவரை வயர் இருப்பதில் வெட்கமில்லை. பத்து விரலோடு அறுபது வயதில் ஓய்வூதியம் வாங்கும் தச்சராக நீங்கள் இருக்க வேண்டும். அதற்கேற்ற மெஷின் எதுவோ அதுவே நல்ல மெஷின்.